ஹீட்டர் இல்லாத கெஸ்ட்ரல்

கெஸ்ட்ரல் கார்க்காரனின் பெண்டாட்டியை எவ்வளவு பெரிய கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடலாம். வலது கெண்டைக்காலைப் பார்த்தால் போதும். அந்தக் காரின் புகைக்குழாய் மற்றக் கார்களைப் போல வயிற்றுக்கடியில் அடக்கமாக ஓடாது. அழகுக்காகக் கதவுக்குக் கீழே, இரண்டு பக்கமும், பளபளவென்று வெளியில் தெரிய ஓடும். இறங்கும்போது கொஞ்சம் அசந்தால் காலைத் தோசைக்கல்லில் வைத்த கதிதான். கார்க் கண்காட்சிகளில் வயதான பெண்கள் கால்சட்டையைச் சுருட்டி, தழும்பை ஒருத்திக்கொருத்தி காட்டிச் சிரித்துக்கொள்வார்கள். பெர்னிஸ் ஸவாட்ஸ்கிக்கும் அந்தத் தழும்பு உண்டு. கல்யாணமான மூன்றாம் வாரம் வாங்கியது. அவள் போட்ட அலறலில் ஓடிவந்த கணவன் லென் கேட்ட முதல் கேள்வி, "ஷூ பட்டுக் கதவுல கீறிடுச்சா?" என்பதுதான்.

பெர்னிஸ் அதற்கும் சிரித்தாள். இருபது வயதில் எதற்குத்தான் சிரிப்பு வராது?

லென் கெட்டவன் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். அவன் குடிகாரன் இல்லை. கை நீட்டியவன் இல்லை. டெட்ராய்ட்டுக்கு வடக்கே வாரன் ஊரில், கார்த் தொழிற்சாலையில் கதவு மாட்டுகிற வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரார் கார்களுக்கெல்லாம் கதவு மாட்டுகிறவனுக்குத் தனக்கென்று ஒரு காரின் மேல் ஆசை வந்ததில் தப்பே இல்லை. ஆனால் அந்த ஆசைக்கு யார் விலை கொடுத்தது என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை. அதனால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அறுபத்தொன்பதாம் வருடம், கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பு, இருவரும் கார் விற்கும் கடைக்குப் போனார்கள். கடையின் நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கெஸ்ட்ரல் நின்றது. மூக்கு மட்டுமே பாதிக் கார் இருக்கும். முன்விளக்குகள் பகலில் இமை மூடித் தூங்கும், பொத்தானை அழுத்தினால் விழித்துக்கொள்ளும். பின்பக்கம் படகின் நுனி மாதிரிக் குறுகும். பெர்னிஸுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். பிறகு விற்பனைக்காரன் காகிதத்தை விரித்து, எதெல்லாம் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தான். லென் வேண்டும் என்று சொன்னவை: இருப்பதிலேயே பெரிய எஞ்சின், மூன்று கார்புரேட்டர், கையால் மாற்றும் நாலு கியர், கார்ப் பந்தயத்துக்கான பின்னச்சு, வெளியில் ஓடும் புகைக்குழாய், பானெட்டின் மேல் காற்றை உறிஞ்சும் திமில். வேண்டாம் என்று சொன்னவை: ரேடியோ, தரைவிரிப்பு, ஹீட்டர்.

"ஹீட்டர் வேணாமா?" என்றாள் பெர்னிஸ்.

"சும்மா எடை, பெர்னி. எடையைக் கொறைச்சாத்தான் கால் மைல பதிமூணு செகண்டுக்குள்ள தொட முடியும்."

"லென், நாம இருக்கிறது மிச்சிகன்ல. ஜனவரின்னு ஒரு மாசம் வரும், தெரியுமில்ல?"

"கோட்டு போட்டுக்க."

விற்பனைக்காரன் கண்ணடித்தான். "புதுப் பொண்ணு, புது மாப்பிள்ளை. ஒட்டி உக்காந்தா தானா சூடாயிடும்மா!"

இரண்டு ஆண்களும் வாய்விட்டுச் சிரித்தார்கள். காகிதத்தில் ஹீட்டர் இல்லை என்றே போயிற்று.

சனிக்கிழமை மாலைகளில் வுட்வர்ட் சாலையே பந்தயக் களமாகிவிடும். விளக்கு பச்சையானதும் இரண்டு கார்கள் சீறிக்கொண்டு போகும். கெஸ்ட்ரல் சும்மா நின்று உறுமினாலே சாப்பாட்டுக் கடைகளின் கண்ணாடி அதிரும். முதல் கியரில் மிதித்தால் மண்டை பின்னால் போய் இருக்கையில் ஒட்டிக்கொள்ளும், இரண்டாம் கியரில் வயிறு முதுகுக்குப் போகும். பந்தயம் என்று முடிவானதும் லென் ஓரமாக நிறுத்தி, "இறங்கிக்க பெர்னி, நூத்திப் பத்து பவுண்டு" என்பான். ரேடியோவைப் போல, விரிப்பைப் போல, அவளும் சும்மா எடை. ஹாட் டாக் கடையில் உட்கார்ந்து வெங்காயமும் மிளகாய்க் குழம்பும் ஊற்றிய ரொட்டியைத் தின்றுகொண்டு, ஜெயித்தவன் திரும்பி வருவதற்குக் காத்திருப்பாள்.

அந்தக் காரில் மிச்சிகன் குளிர்காலத்தைக் கழித்தவர்களுக்குத்தான் குளிர் என்றால் என்னவென்று தெரியும். மூச்சுக்காற்று கண்ணாடியின் உள்பக்கத்தில் பனியாகப் படியும். லென் ஓட்டுவான், பெர்னிஸ் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கண்ணுக்கு நேரே உள்ளங்கையளவு வட்டத்தைச் சுரண்டிக்கொண்டே வரவேண்டும். மகள் டெனிஸ் பிறந்த பிறகு ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் சுரண்டி. குழந்தைக்குக் காதுவலி வந்தது, போனது, மறுபடி வந்தது. டாக்டர் குளிரில் வெளியே கொண்டுபோகாதே என்றார். டாக்டரிடம் கொண்டுபோவதே அந்தக் காரில்தான் என்று அவருக்கு யார் சொல்வது?

எழுபத்து நாலில் பெட்ரோலுக்கு ஊரே வரிசையில் நின்றது. தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தார்கள். லென் டெக்சஸில் எண்ணெய்க் கிடங்கு கட்டும் வேலைக்குப் போனான். போகும்போது, "வண்டியத் தொடாத. உன்னால அந்த கிளட்ச்சை மிதிக்கவே முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நவம்பர் கடைசியில் குழந்தைக்குக் காய்ச்சல். பெர்னிஸ் வண்டியைத் தொட்டாள். கிளட்ச் இரும்பாக இருந்தது. இரண்டு காலையும் வைத்து மிதித்தாள், மூன்று முறை நின்றுபோனது, நாலாவது முறை தெரு முழுக்க எட்டிப் பார்க்கும்படி துள்ளிக்கொண்டு கிளம்பினாள். டாக்டர் வீட்டு வாசல் வரை ஓட்டியும் விட்டாள். அதற்கப்புறம் அவளை யார் தடுக்க முடியும்? பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் மாதச் சம்பளத்தில் பழைய இரும்புக் கடைக்குப் போய், நொறுங்கிய கார் ஒன்றிலிருந்து ஒரு ஹீட்டரைக் கழற்றி வாங்கினாள். எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள இரும்புத் தகட்டில் பக்கத்து வீட்டு ஸ்டாஷ் இரண்டு ஓட்டை போட்டு, குழாய் இழுத்து மாட்டிக் கொடுத்தான்.

"லென் என்னைக் கொன்னுடுவான்" என்றான் ஸ்டாஷ்.

"மொதல்ல என்னைக் கொல்லணும். வரிசையில நில்லு" என்றாள் பெர்னிஸ்.

விசையைத் திருகியதும் காலடியில் சூடான காற்று வந்தது. தூசி வாடையோடு வந்தது, ஆனாலும் வந்தது. கண்ணாடியின் பனி தானாகவே உருகி வழிந்ததைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்துவிட்டது. டெனிஸ் கையுறையைக் கழற்றி எறிந்தாள். அந்தக் குளிர்காலம் முழுக்க பெர்னிஸ் ஸவாட்ஸ்கி, இருப்பதிலேயே பெரிய எஞ்சினும் ஹீட்டரும் உள்ள காரை ஓட்டிக்கொண்டு ரொட்டி சுடப் போனாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த இன்னொரு காலத்தைத் தேடிப் பார்த்தாலும் கிடைக்காது.

வசந்தத்தில் திரும்பி வந்த லென் இரண்டு ஓட்டைகளையும் பார்த்துவிட்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். இரண்டு வாரம் பேச்சு இல்லை. அடுத்த குளிர்காலம் வந்ததும் அவனே ஏறி உட்கார்ந்து முதல் வேலையாக அந்த விசையைத்தான் திருகினான். கழற்றிப் போடவில்லை. பெர்னிஸும் குத்திக் காட்டவில்லை.

அந்தக் கிளட்ச்சை மிதித்த கால்தான் பிறகு பள்ளிக்கூடப் பேருந்தையும் மிதித்தது. வாரன் ஊரின் பாதிப் பிள்ளைகளை அவள்தான் ஏற்றி இறக்கினாள். ஓய்வு பெறும் வரை ஒரு கீறல் கிடையாது. கெஸ்ட்ரல் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் தூங்கியது.

ஓய்வு பெற்ற லென் ஒருநாள் தார்ப்பாயை உருவினான். அதற்குள் உலகம் மாறியிருந்தது. கெஸ்ட்ரலுக்குச் சங்கம் வந்திருந்தது. ஹீட்டரோடு வந்த கெஸ்ட்ரல் ஊருக்கு ஊர் உண்டு. ஹீட்டர் வேண்டாம் என்று சொல்லி வாங்கியதுதான் அபூர்வம், அதற்குத்தான் மவுசு. அதிலும் முதலில் வாங்கியவனிடமே இன்னும் இருக்கும் வண்டி என்றால் சங்கத்தார் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடாத குறைதான்.

பரிசு வேண்டுமென்றால் வண்டி தொழிற்சாலையை விட்டு வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். அன்றைக்கு அழுக்காக இருந்தது அழுக்காகவே இருக்க வேண்டும். வழிந்த பெயிண்டு வழிந்தே இருக்க வேண்டும். கூடுதல் சுத்தத்துக்கு மதிப்பெண் வெட்டுவார்கள். தொழிற்சாலையில் சோதித்தவர்கள் அந்தக் காலத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கிறுக்கிய கிறுக்கலை அதே இடத்தில் அதே கோணலில் போடுவதற்கு, லென் இடது கையால் பழகினான். நாலு வருடம் அவன் கொட்டகையிலேயே குடியிருந்தான். பெர்னிஸ் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து வந்தாள். ஒருநாள் போனபோது ஹீட்டர் தரையில் கிடந்தது.

"இது எதுக்கு?"

"எடுத்துத்தான் ஆகணும் பெர்னி. ஃபேக்டரியில இது கெடையாது."

"அது நான் வைச்சது."

"தெரியும். அதான் சொல்றேன், ஃபேக்டரி வைச்சது இல்ல."

"இந்த வண்டில என்னோடதுன்னு இருந்தது அது ஒண்ணுதான், லென்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். உண்மையிலேயே அவனுக்குப் புரியவில்லை. "வேணும்னா அலமாரியில வச்சுக்க" என்றான். அலமாரிக்கும் அது போகவில்லை. அடுத்த வாரம் பழைய இரும்புக்காரனோடு போய்விட்டது. ஓட்டைகளை அடைத்து, தேய்த்து, பெயிண்டு அடித்துவிட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நாலு வருடப் பொறுமை இருந்தால் மறைக்கலாம்.

ஜூலை மாதம், ஆன் ஆர்பர் பக்கத்தில் ஒரு கல்லூரிப் புல்வெளியில் போட்டி. ஆறேழு கெஸ்ட்ரல்கள் மூக்கை நீட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. நடுவர்கள் குச்சியில் கட்டிய கண்ணாடியும் கைவிளக்குமாக வயிற்றுக்கடியில் புகுந்து பார்த்தார்கள். முதல் கைக் கார்களுக்கு, அதாவது வாங்கியவனிடமே இன்னும் இருப்பவற்றுக்கு, அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. வாங்கியவனையும் மனைவியையும் வண்டிக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார வைத்து, எல்லார் முன்னாலும் கேள்வி கேட்பார்கள். லென் கல்யாண மாப்பிள்ளை போல உட்கார்ந்திருந்தான்.

"ஹீட்டரே வேணாம்னு வாங்கியிருக்காரு பாரு. அந்தக் காலத்து ஆம்பளைங்கன்னா ஆம்பளைங்க" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

தலைமை நடுவர் விட்டேக்கர் நல்ல மனிதர், மென்மையாகப் பேசுகிறவர். இரும்புத் தகட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். "இந்த எடத்துல பெயிண்டு கொஞ்சம் தடிப்பா இருக்கே, மிஸ்டர் ஸவாட்ஸ்கி?"

"ஃபேக்டரியில அடிக்கறவன் அப்பிடித்தான் அடிப்பான். நான் பாத்திருக்கேன்."

"இருக்கலாம். ஆனா ஹீட்டரைக் கழட்டிட்டு ஓட்டைய அடைச்சு எடுத்துட்டு வர்றவங்களும் இருக்காங்க. முதல் கைக்காரங்கன்னா நாங்க வாய்ச்சொல்லை நம்புவோம்." அவர் பெர்னிஸ் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்கதான் இதுல பக்கத்து சீட்டுல உக்காந்தவங்க. இதுல எப்பவாவது ஹீட்டர் இருந்துச்சா?"

லென் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் என்ன சொல்வாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் அவளைச் சுட்டது. முந்தின நாள் சமையலறைக்கு வந்து, "பெர்னி, எனக்காக ஒரு பொய் சொல்லேன்" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பரிசுத்த மாதாவின் மேல் சத்தியம் செய்தே பொய் சொல்லியிருப்பாள். கேட்க வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

"இருந்துச்சு" என்றாள். "நான் வைச்சேன். எழுபத்து நாலுல."

லென் மெதுவாக எழுந்து அவள் தோளில் கை வைத்தான்.

"பெர்னி, அது உங்க அக்கா காரும்மா" என்றான். இத்தனை வருடத்தில் அவ்வளவு அன்பாக அவன் பேசி அவள் கேட்டதில்லை. பிறகு விட்டேக்கரிடம் தாழ்ந்த குரலில் சொன்னான்: "போன வருஷத்துலேர்ந்து இப்பிடித்தான். எதையாவது எதோடயாவது போட்டுக் கொழப்பிக்கிறா. நான் பாத்துக்கறேன்."

"எனக்கு ஒரு கொழப்பமும் இல்ல! ஸ்டாஷ்தான் ஓட்டை போட்டான்! ஸ்டாஷைக் கேளு!"

"ஸ்டாஷ் செத்துப் பத்து வருஷமாச்சு" என்றான் லென், இன்னும் தாழ்ந்த குரலில்.

செத்தது உண்மைதான். அதற்குமேல் அவள் பேசப் பேச, பேச்சே அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. விட்டேக்கரின் கண் கலங்கிவிட்டது. "எங்க அம்மாவுக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சுது. தைரியமா இருங்க" என்று லென்னின் கையைப் பிடித்தார். யாரோ ஒரு பெண் பெர்னிஸுக்குத் தண்ணீர் கொண்டுவந்து, குழந்தைக்குக் கொடுப்பதுபோல வாயருகே பிடித்தாள். கெஸ்ட்ரலுக்கு முதல் பரிசு கிடைத்தது. லென் அழுதான். மனைவியை நினைத்து அழுகிறான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் கேட்டாள். "எப்பிடி உனக்கு மனசு வந்துச்சு?"

"வாயில வந்துடுச்சு பெர்னி. நாலு பேர் முன்னாடி என்னைப் பொய்யனாக்கிட்டியே, வேற என்ன சொல்லுவேன்?"

"நீ பொய்யன்தான்."

"ரெண்டு நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க, விடு."

யாரும் மறக்கவில்லை. சங்கத்தில் ஒருவன் அவர்கள் போகும் தேவாலயத்துக்கும் போகிறவன். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் அவளிடம் உரக்க, நிறுத்தி நிறுத்திப் பேசினார்கள். வீட்டுக்கு முட்டைக்கோஸ் சுருட்டலும் கேக்கும் வந்து குவிந்தன. அரிசோனாவிலிருந்து டெனிஸ் போன் செய்தாள்.

"அம்மா, இன்னிக்கி என்ன கெழமை சொல்லு?"

"உன் மூஞ்சிக் கெழமை."

"ஏம்மா கோவப்படற? கோவம் வர்றதுகூட ஒரு அறிகுறியாம்."

"டெனிஸ், உனக்கு ஞாபகம் இல்லியா? கையுறையத் தூக்கி எறிஞ்சியே, கார்ல சூடா இருக்குன்னு?"

"எனக்கு மூணு வயசும்மா. எனக்குக் குளிர் மட்டுந்தான் ஞாபகம் இருக்கு."

பெர்னிஸ் போனை லென்னிடம் நீட்டினாள். "சொல்லு. உன் பொண்ணுகிட்டயாவது சொல்லு."

லென் போனை வாங்கினான். பொய் சொன்னது தெரிந்தால் பரிசைப் பிடுங்கி, சங்கத்தை விட்டும் துரத்திவிடுவார்கள். டெனிஸ் வாயில் எதுவும் தங்காது. "ஒண்ணும் பெருசா இல்லம்மா. அப்பப்போதான்" என்றான். டெனிஸ் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள்.

பெர்னிஸ்தான் அன்றாடம் ஓடும் இன்னொரு காரை ஓட்டிக்கொண்டு போனாள். லென்னுக்கு இரண்டு கண்ணிலும் புரை. டாக்டர் சின்னப் பெண். ஐந்து வார்த்தை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னாள், கடிகாரம் வரையச் சொன்னாள், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னாள். ஆத்திரத்தில் ஒரு வார்த்தை தவறியது. மற்றதெல்லாம் சரி.

"நல்லாவே பண்றீங்க. இன்னும் ஒண்ணு" என்றாள் டாக்டர். "பழைய கார்ல ஹீட்டர் இருந்துச்சுன்னு சொல்றீங்களாமே? அது உங்க கார் இல்லன்னு உங்க வீட்டுக்காரர் சொல்றாரு."

பெர்னிஸுக்குக் கணக்கு புரிந்தது. இல்லை என்று சொன்னால் புத்தி சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இருந்தது என்றால் நோய். ஒரே ஒரு வார்த்தை சொல்லி எழுந்து போய்விடலாம். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் இரண்டு காலால் கிளட்ச்சை மிதித்தவள் யார்? ரொட்டி சுடப் போனவள் யார்? அந்தக் குளிர்காலத்தை இன்னும் வைத்திருப்பது அவள் ஒருத்திதான். அவளும் இல்லையென்று சொல்லிவிட்டால் அது நடக்கவே இல்லை.

"இருந்துச்சு" என்றாள். "நான்தான் வைச்சேன். அந்த வண்டிலதான் ஓட்டவே கத்துக்கிட்டேன்."

டாக்டர் லென்னைப் பார்த்தாள். லென் வாயைத் திறந்தான். பெர்னிஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தில் ஏதோ அசைந்தது. சொல்லிவிடுவான் என்று அவள் உண்மையிலேயே நம்பினாள்.

"அவ ஓட்டினதே இல்ல டாக்டர்" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. "அதோட கிளட்ச் ரொம்பக் கடினம்."

டாக்டர் தலையசைத்துவிட்டு எழுதினாள். தலையை ஸ்கேன் எடுத்து முடிவு வரும்வரை பெர்னிஸ் வண்டி ஓட்ட வேண்டாம் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னாள்.

நிறுத்துமிடத்தில் லென் கையை நீட்டினான். "சாவியக் குடு பெர்னி. டாக்டர் சொல்லிட்டாங்கல்ல."

"உனக்குக் கண்ணு தெரியாதுடா."

"பக்கத்துலதான வீடு."

கொடுத்துவிட்டு மறுபக்கம் போய் ஏறினாள். பெரிய சாலையில் திரும்பும்போது அவள்தான் முதலில் பார்த்தாள். "இடது பக்கம் லாரி வருது, லென்."

"ஒண்ணும் வரல. சும்மா இரு."

லாரிக்காரன் ஹாரனை அலறவிட்டு, டயர் தேய நிறுத்தினான். ஒரு சாண்தான் இடைவெளி.

சாயங்காலம் டெனிஸ் போன் செய்தாள். பெர்னிஸ் மூச்சுவிடாமல் சொன்னாள். "உங்க அப்பா இன்னிக்கி என்னை லாரிக்கடியில விட்டிருப்பாரு. நான் கத்தறேன், ஒண்ணும் வரலங்கறாரு. மயிரிழையில தப்பிச்சோம்."



"அம்மா" என்றாள் டெனிஸ், மெதுவாக, நிறுத்தி நிறுத்தி. "போனை அப்பாகிட்ட குடு. லாரி ஏதாவது வந்துச்சான்னு நான் கேட்டுக்கறேன்."